திங்கட்கிழமைச் சண்டையும் ஒரு நடுச்சுவரும்

நான் மேசன். வட்டக்கச்சியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடு கட்டுகிறவன். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் சுவர் எழுப்பிய நான், நாற்பத்தெட்டாவது வயதில் சுவர் உடைக்கும் விளையாட்டுக்குள் இறங்கினேன் என்றால், அதற்கு என் மச்சான்தான் காரணம்.

மச்சான் என் மனைவியின் தமையன். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவன். இருபது வயதுக்குள் பிரான்சுக்குப் போய்விட்டான். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் சமையல் வேலை. திங்கட்கிழமைதான் அவனுக்கு லீவு. அன்றைக்கு ஊருக்குப் போன் எடுத்து, தங்கையோடு ஒரு மணித்தியாலம் கதைப்பான். பிறகு, "எங்கை அவன்? குடு" என்பான். போன் என் கைக்கு வரும். அதோடு கதை படுத்துவிடும்.

எனக்குக் கதைக்கத் தெரியாது என்றில்லை. கூச்சம். ஆள் முன்னால் நின்றாலே சொல் தொண்டையில் நின்றுவிடும். போன் என்றால் அது தொண்டைக்கும் வராது. ஒருநாள் இப்படி நடந்தது.

"மழையே அங்கை?"

"ஓம்."

"வேலை கூடவோ?"

"ஓம்."

"மச்சான், நான் செத்துப்போனன்."

"ஓம்."

மச்சான் சிரித்த சிரிப்பு குசினியில் நின்ற என் மனைவிக்கும் கேட்டது. "அண்ணை ஏன் சிரிக்கிறார்?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். எனக்கும் தெரியவில்லை. அதற்கும் ஓம் என்றேன்.

அதன் பிறகுதான் அவன் அந்தப் பெட்டியை அனுப்பினான். அவனுடைய மகன் புதிது வாங்கியதால் மிச்சமாகிப்போன விளையாட்டுப் பெட்டி. விடுமுறைக்கு வந்த யாரோ ஒருவரின் பயணப் பையில், இரண்டு துவாய்க்குள் சுற்றப்பட்டு, சொக்கிலேற் பக்கற்றுகளோடு வந்து சேர்ந்தது. எங்கள் மகனுக்குத்தான் என்று நினைத்தோம். வவுனியாவில் படிக்கிற அவன் ஒரு சனிக்கிழமை வந்து, அதை ரீவியில் பொருத்தி, எந்தப் பொத்தான் எதற்கு என்று எனக்கு அரை மணித்தியாலம் காட்டிவிட்டு, "அப்பா, இது உங்களுக்காம். மாமா சொல்லச் சொன்னவர்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான்.

மச்சான் மறக்காமல் வைத்திருந்த ஒரு விஷயம் இருந்தது. இளவயதில் அவர்கள் வீட்டுக் கிணற்றுக்கு நாங்கள் இரண்டு பேரும் கட்டுக் கட்டினோம். அந்த ஒரு கிழமையும் நான் ஓயாமல் கதைத்தேனாம். "உன்ரை கைக்கு வேலை குடுத்தால்தான் வாய் திறக்குமடா" என்று அவன் எழுதி அனுப்பியிருந்தான்.

விளையாட்டு ஒரு பட்டாளச் சண்டை. ஒரு பக்கத்துக்கு நாலு பேர். ஒரு பட்டினத்தை மற்றப் பக்கத்திடமிருந்து பிடித்துக் கொடி ஏற்றவேண்டும். நாங்கள் நாலு பேரில் மற்ற இருவரும் மச்சானோடு குசினியில் வேலை செய்கிற வெள்ளைக்காரர். அவர்கள் பிரெஞ்சில் கதைப்பார்கள், மச்சான் எனக்குத் தமிழில் சொல்வான். என்னை அவர்கள் "மசோன்" என்று கூப்பிட்டார்கள். மேசனுக்கு அவர்களுடைய பாசையிலும் ஏறக்குறைய அதே சொல்தானாம். இங்கே பின்னேரம் ஐந்து மணி என்றால் அங்கே மத்தியானம். நான் வேலையால் வந்து, குளித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதிரையில் இருப்பேன்.

இந்த விளையாட்டில் எல்லாவற்றையும் உடைக்கலாம். சுவர், கூரை, மதில், பாலம், மரம், எதையும். மற்றவர்கள் துவக்கு எடுத்தார்கள். எனக்கு மச்சான் சம்மட்டி எடுத்துத் தந்தான்.

முதல்நாள் நான் ஒருவரையும் அடிக்கவில்லை. ஒரு குண்டு விழுந்து எனக்கு முன்னால் இருந்த வீட்டின் பாதி இடிந்தது. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். கல் வரிசை தெரிந்தது. பூச்சு வேறாக, கல் வேறாகக் கழன்றிருந்தது. உடைந்த தூணிலிருந்து கம்பிகள் வளைந்து வெளியே நின்றன. இதைச் செய்தவன் வேலைத்தலத்தில் நின்று பார்த்தவன் என்று நினைத்தேன். ஆனால் ஒரு பிழை விட்டிருந்தான்.

"டேய், சுடுறாங்கள்! அங்கை என்னத்தைப் பார்க்கிறாய்?" என்று காதுக்குள் மச்சான் கத்தினான்.

"மச்சான், இந்த யன்னலுக்கு மேலை லிண்டல் போடேல்லை."

"அதுக்கு நான் என்னடா செய்ய?"

"பாரமெல்லாம் நிலையிலை இறங்கும். நிலை வளைஞ்சுபோம்."

அதற்குள் என்னைச் சுட்டுவிட்டார்கள். மச்சானையும் சுட்டுவிட்டார்கள். திரை கறுத்தது. பத்துச் செக்கன் பொறுத்திருந்தால் திரும்பவும் உயிர் வரும். அந்தப் பத்துச் செக்கனும் மச்சான் என்னை ஏசினான். எனக்கு அது சந்தோசமாக இருந்தது. போனில் அவன் என்னை ஒருநாளும் ஏசியதில்லை, என் பேச்சில் அவன் ஏச ஒன்றுமே இருந்ததில்லை.

இதெல்லாம் பார்த்த என் மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள்: "இஞ்சருங்கோ, இவ்வளவு காலமும் கட்டினது காணாதெண்டோ இப்ப உடைக்க வெளிக்கிட்டியள்?"

அவளுக்கு வேறொரு யோசனையும் இருந்தது, எனக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் உண்மையான சண்டைக்குள் இருந்து வந்தவர்கள். அந்தச் சத்தங்களை ரீவியில் கேட்க என்னால் முடியுமா என்று எனக்கே பயம் இருந்தது. முடிந்தது. இந்தச் சத்தம் காதோடு நின்றுவிடும், நெஞ்சுக்கூட்டுக்குள் போகாது. மணமில்லை. செத்தவர்கள் பத்துச் செக்கனில் எழும்பி வந்து தங்களை ஏன் காப்பாற்றவில்லை என்று சண்டை பிடிப்பார்கள். அப்படி ஒரு சண்டை எனக்குப் பிடித்துக்கொண்டது.

ஒன்றே ஒன்றை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை. விமானம் வரும் சத்தம் கேட்டால் மற்ற மூன்று பேரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். நான் வெளியே ஓடி வாய்க்காலுக்குள் குப்புறப் படுப்பேன். யோசித்துச் செய்வதில்லை, விரல் தானாகவே அந்தப் பொத்தானை அழுத்தும். வீடு இடிந்து அவர்கள் மூன்று பேரும் உள்ளே போவார்கள். நான் மட்டும் மண் தட்டிக்கொண்டு எழும்புவேன்.

"வெள்ளைக்காரர் கேக்கினம், உனக்கு உந்தப் பழக்கம் யார் சொல்லித் தந்ததெண்டு" என்றான் மச்சான்.

"ஊர் முழுக்கச் சொல்லித் தந்ததெண்டு சொல்லு."

அவன் மொழிபெயர்த்தான். அவர்கள் சிரிக்கவில்லை. பிறகு அடுத்த விமானத்துக்கு அவர்களும் என் பின்னால் வாய்க்காலுக்கு வந்தார்கள். மச்சான் மட்டும், "நான் சேற்றுக்கை படுக்கவோ லீவு எடுத்தனான்?" என்று வீட்டுக்குள் ஓடிச் செத்தான்.

மெல்ல மெல்ல எனக்கு வாய் திறந்தது. எந்தச் சுவர் பாரம் சுமக்கிறது, எது சும்மா தடுப்பு என்று எனக்குப் பார்த்த உடனே தெரியும். "மச்சான், அந்த மூலைக்குப் போகாதை. மேல்வீடு முழுக்க அந்த ஒரு தூணிலைதான் நிக்குது" என்பேன். எதிரிகள் அங்கே போய் நிற்பார்கள். நான் தூணுக்கு இரண்டு போடு போடுவேன். மேல்வீடு அவர்கள் தலையில் இறங்கும். வெள்ளைக்காரர் "மசோன், மசோன்" என்று கத்துவார்கள். ஒரு கலியாண வீட்டிலும் நாலு பேருக்கு முன்னால் வாய் திறவாத நான், ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறவர்களுக்குக் கட்டளை போட்டேன். பக்கத்து வளவுக்காரர், "உங்கடை வீட்டிலை ஆர் அண்ணை வந்து நிக்கினம், பின்னேரத்திலை பெரிய சத்தமாக் கிடக்கு?" என்று கேட்டார். நான்தான் என்று சொல்ல வெட்கப்பட்டு, ரீவி என்றேன்.

இப்படி ஐந்தாறு மாதம் போனது. பிறகு ஒரு திங்கட்கிழமை, நாங்கள் இரண்டு பேரும் ஒரு மதிலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தபோது மச்சான் சொன்னான்:

"மச்சான், ஓகஸ்ட்டிலை எல்லாரும் வாறம். மகள் பெரியபிள்ளையாகிட்டாள், அவளின்ரை சாமத்திய வீட்டை அங்கைதான் செய்யிறது. அம்மாவுக்கும் அதுதான் ஆசை."

"நல்லது மச்சான்" என்றேன்.

"மண்டபமெல்லாம் வேண்டாம். அப்பா கட்டின வீட்டிலையே செய்வம். அந்த விசர்ச் சுவரை மட்டும் எடுத்துப்போட்டால் ஹோல் பெரிசாப் போம். கிளிநொச்சியிலை ஒரு மேசன் பாஸைப் பிடிச்சிட்டன். உன்னைக் கரைச்சல்படுத்த விருப்பமில்லை. வாற கிழமை செவ்வாய்க்கிழமை காலமை வருவார். ஒரு நாள் வேலையாம். நீ திறப்பை மட்டும் குடு."

நான் என்ன சொன்னேன்? ஓம் என்றேன்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். மச்சானின் அப்பா, என் மாமா, உயிரோடு இருந்தபோது கட்டிய வீடு. முன்பக்கம் கொங்கிறீட் தட்டுப் போட்ட பெரிய ஹோல். அந்த நாளில் வட்டக்கச்சியில் அப்படி ஒரு ஹோல் அதிகம் பேரிடம் இல்லை. அதற்கு நடுவால் ஒரு சுவர் போகிறது. மாமி பிரான்சுக்கு மச்சானிடம் போன பிறகு வீட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உள்ளே வருகிற எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "நல்ல ஹோலை இப்படி நடுவாலை பிளந்த மண்டைப்பிழைகாரன் ஆர்?"

நான்தான். ஏன் பிளந்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது வீடு நின்றது. ஆனால் தட்டில் ஷெல் விழுந்து ஒரு ஓட்டை. அதனூடாக வானம் தெரிந்தது. மாமி உள்ளே கால் வைக்க மறுத்துவிட்டா. "ஷெல் விழுந்த கூரைக்குக் கீழை நான் படுக்கன்" என்று வளவுக்குள் தறப்பாள் கூரை போட்ட கொட்டிலில் இருந்தா. நான் ஓட்டையை அடைத்துப் பூசினேன். மாமி வாசலில் நின்று கேட்டா: "தம்பி, இனிப் பயமில்லையோ?"

"ஓம் மாமி, பயமில்லை" என்றேன். அவ பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தா.

மூன்றாம் நாள் மிச்சப் பூச்சைச் சுரண்டும்போதுதான் கண்டேன். தட்டைத் தாங்குகிற பீம் நடுவில் வெடித்திருந்தது. உள்ளே இரண்டு கம்பி அறுந்து நின்றது. முறைப்படி என்றால் எல்லாவற்றுக்கும் முட்டுக் கொடுத்து, அந்தப் பீமை உடைத்து, புதிதாகப் போடவேண்டும். அப்போது கம்பி எங்கே? அவ்வளவு சீமெந்து எங்கே? மாரி மழை வேறு தொடங்கப் போகிறது. உண்மையைச் சொன்னால் மாமி அந்த மழைக்குள் திரும்பவும் தறப்பாளுக்குப் போவா. அதைவிட, முந்தாநாள் பயமில்லை என்று சொல்லிவிட்டு இன்றைக்குப் போய், மாமி பயமிருக்கு என்று சொல்ல எனக்கு வாயில்லை.

என் வேலையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்காரர் பிழையாக ஒன்றைச் செய்யச் சொன்னால் மறுத்துக் கதைக்கமாட்டேன். தலையாட்டிவிட்டு, அவர்கள் போன பிறகு இரண்டு கம்பி கூடப் போட்டுவிடுவேன். பிழையை வாயால் சொல்லாமல் கையால் சரிக்கட்டுவது. அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். அத்திவாரம் வெட்டி, வெடித்த பீமுக்கு நேர் கீழே ஒன்பது அங்குலச் சுவர் ஒன்றை எழுப்பி, மேலே இடைவெளியில்லாமல் சல்லியும் சீமெந்தும் இறுக்கி அடித்தேன். "இது ஏன் தம்பி?" என்று மாமி கேட்டா. "சாமியறைக்கு ஒரு தடுப்பு மாமி" என்றேன். மாமிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அன்றைக்கே சாமிப் படங்களை அந்தச் சுவரில் மாட்டி விளக்கு வைத்தா. வசதி வரும்போது பீமை மாற்றுவோம் என்று நினைத்தேன். சுவர் அசையாமல் நின்றது. நானும் அசையாமல் இருந்துவிட்டேன்.

இப்போது அந்தச் சுவரை யாரோ ஒரு பாஸ் ஒரு நாளில் உடைக்கப் போகிறார். உடனே விழுந்தால் கீழே நிற்கிற வேலையாட்கள். பிறகு விழுந்தால் அந்தப் பிள்ளையும் வந்திருக்கிற சனமும்.

செவ்வாய் போனது, புதன் போனது. மச்சானுக்குப் போன் எடுப்பேன், மணி அடிக்க முதல் வெட்டுவேன். எழுதி அனுப்புவோம் என்று எழுதுவேன், அழிப்பேன். வியாழக்கிழமை மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"அப்ப அம்மா இவ்வளவு காலமும் அதுக்குக் கீழையோ படுத்தவா?"

"சுவருக்குப் பக்கத்திலை" என்றேன்.

"நல்ல ஆள் நீங்கள். இப்பவே அண்ணைக்கு எடுத்துச் சொல்லுங்கோ."

"திங்கட்கிழமை சொல்லுறன். விளையாடேக்கை."

"போனிலை சொல்ல வாயில்லை, சண்டைக்கை நிண்டு சொல்லப் போறாராம்!" என்று அவள் சட்டியைப் பார்த்துச் சொன்னாள். "திங்கட்கிழமை நீங்கள் சொல்லாட்டி, செவ்வாய்க்கிழமை காலமை நான் அந்தச் சுவரிலை சாஞ்சு கொண்டு இருப்பன். பாஸ் என்னையும் சேர்த்து உடைக்கட்டும்."

எனக்கு ஒரு திட்டம் இருந்தது. விளையாட்டில் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு வீடு உண்டு. தட்டுப் போட்ட வீடு, நடுவில் சுவர். மச்சானை அதற்குள் கூட்டிக்கொண்டு போய், அவன் கண்முன்னால் நடுச்சுவரை உடைத்து, தட்டு விழுவதைக் காட்டுவது. பிறகு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. அவனுக்கே விளங்கும்.

திங்கட்கிழமை விளையாட்டுத் தொடங்கியதும் சொன்னேன்: "மச்சான், என்னோடை வா. ஒரு இடம் காட்டவேணும்."

"கொடியை விட்டுட்டு எங்கையடா?"

"வாவன்."

வந்தான். வெள்ளைக்காரர் இருவரும் வாசலில் காவல் நின்றார்கள். நான் சம்மட்டியோடு நடுச்சுவருக்கு முன்னால் நின்றேன்.

"மச்சான், இதை உங்கடை வீடெண்டு நினை. இதுதான் நீ எடுக்கச் சொன்ன சுவர். வடிவாப் பார்."

ஓங்கி அடித்தேன். மூன்றாவது அடியில் சுவர் முழுவதும் பொலபொலவென்று விழுந்தது. புழுதி அடங்கியது. நாங்கள் இரண்டு பேரும் மேலே பார்த்தோம்.

தட்டு அப்படியே நின்றது.

இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். ஒரு தூசியும் விழவில்லை. சூரிய வெளிச்சம் ஒரு பக்க யன்னலால் வந்து மற்றப் பக்க யன்னல் வரைக்கும் போனது. ஹோல் நல்ல பெரிதாக, வடிவாக இருந்தது.

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். "எடேய், இதைத்தானே நானும் சொல்லுறன்! எவ்வளவு பெரிய ஹோல் பார்! இதைக் காட்டவோ என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனி? பாஸும் இப்பிடித்தான் சொன்னவர், ஒண்டும் நடக்காதாம்."

தடுப்பதற்கென்று போய், அவனுடைய பக்கத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டு நின்றேன். ஒருமுறை தனியாக உடைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. தட்டு விழத்தான் செய்யும் என்று அவ்வளவு நம்பிக்கை. அந்த நேரம் யாரோ யன்னலால் ஒரு குண்டை எறிந்தார்கள். இருவரும் செத்தோம். திரை கறுத்தது.

பத்துச் செக்கன். அழுத்த ஒரு பொத்தானும் இல்லை. கைக்கு ஒரு வேலையும் இல்லை. பக்கத்தில் என் மனைவி வந்து நின்றாள். என் கதிரையின் சாய்வைப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சான்" என்றேன். "அது வேறை வீடு. அந்த வீட்டுப் பீமிலை ஷெல் விழேல்லை. உங்கடை வீட்டுப் பீமிலை விழுந்தது."

"என்ன?"

"பீம் நடுவிலை வெடிச்சுக் கிடக்கு. ரெண்டு கம்பி அறுந்துபோச்சு. தட்டு முழுக்க அந்தச் சுவரிலைதான் நிக்குது. சாமியறைக்கெண்டு நான் சொன்னது பொய். பீமுக்கு முட்டாத்தான் கட்டினனான். சொல்லப் பயத்திலை சொல்லேல்லை. பாஸ் அதை எடுத்தால் விழும்."

திரையில் எங்களுக்கு உயிர் வந்தது. இரண்டு பேரும் தெரு நடுவில் நின்றோம். ஒருவரும் அசையவில்லை. யாரோ எங்களைத் திரும்பவும் சுட்டுக் கொன்றார்கள். அதையும் ஒருவரும் கவனிக்கவில்லை.

"உண்மையாவோ?" என்றான் மச்சான். குரலில் சிரிப்பில்லை.

"உண்மை."

"எவ்வளவு நேரத்திலை விழும்?"

"அது சொல்லேலாது மச்சான். உடனையும் விழலாம். மேளக்காரர் வந்து இருக்கேக்கையும் விழலாம்."

அப்போது என் காதுக்குள் வேறொரு குரல் கேட்டது. மச்சான் அன்றைக்கு ஹெட்போன் போடவில்லை. என் குரல் அவனுடைய ரீவியால் போய்க்கொண்டிருந்தது. மாமி பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவா.

"தம்பி, நான் அண்டைக்கு உங்களை என்ன கேட்டனான்?"

"பயமில்லையோ எண்டு, மாமி."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"ஓம், பயமில்லை எண்டு."

"அப்ப நான் ஒன்பது வரியமா விளக்கு வைச்சுக் கும்பிட்டது சாமியையோ, உங்கடை சுவரையோ?"

மச்சானால் அடக்க முடியவில்லை. வெடித்துச் சிரித்தான்.

"நீ சிரியாதை!" என்று மாமி அவன் பக்கம் திரும்பினா. "நாளைக்கு உன்ரை பாஸ் வந்து உடைச்சிருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்தாளாவது சுவரைக் கட்டி வைச்சுது. நீ உடைக்க அல்லோ ஆள் பிடிச்சனி!" பிறகு திரும்பவும் எனக்கு: "உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன் தம்பி. வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நான் என்ன உங்களைக் கடிச்சே இருப்பன்?"

"இல்லை மாமி."

"தறப்பாளுக்குப் போயிருப்பன். அது வேறை" என்றா.

மச்சான் பாஸுக்குத் தான் போன் எடுப்பதாகச் சொன்னான். வேண்டாம், அவர் வரட்டும், நேரிலே நானே கதைக்கிறேன் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கியது.

செவ்வாய்க்கிழமை காலையில் பாஸ் இரண்டு வேலையாட்களோடும் சம்மட்டிகளோடும் வந்து இறங்கினார். என்னைவிட வயது குறைந்தவர், கெட்டிக்காரர், வேகமாகக் கதைப்பார். சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார்.

"தடுப்புச் சுவர்தானே அண்ணை. பின்னேரத்துக்குள்ளை துப்புரவாக்கித் தாறன்."

"இல்லைத் தம்பி" என்றேன். ஏணியைச் சாத்தி ஏறி, சுவருக்குப் பக்கத்தில் பீமின் பூச்சை உளியால் ஒரு சாண் அளவுக்குத் தட்டிக் கழற்றினேன். வெடிப்புத் தெரிந்தது. துருப்பிடித்த கம்பி நுனி தெரிந்தது. இறங்கி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாஸ் ஏறினார். வெடிப்புக்குள் விரலை விட்டார். விரல் மூட்டு வரைக்கும் போனது. இறங்கி வந்து, வேலையாட்களைப் பார்த்து, "சம்மட்டியளை வெளியிலை கொண்டுபோய் வையுங்கோடா" என்றார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இதை ஆரும் முதலே சொல்லேல்லையே அண்ணை?"

"சொல்ல வேண்டியவன் நான்தான். நேற்றுத்தான் சொன்னனான்."

அதன் பிறகு வேலையை இரண்டு பேரும் சேர்ந்தே செய்தோம். தட்டுக்கு இரண்டு பக்கமும் மரமுட்டு நிரையாகக் கொடுத்தோம். சுவரை மேலிருந்து ஒவ்வொரு கல்லாக இறக்கினோம். வெடித்த பீமை உடைத்து, புதுக் கம்பி கட்டி, பலகை அடித்து, கொங்கிறீட் போட்டோம். நாலு கிழமை காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். அந்த நாட்களில் ஒவ்வொரு பின்னேரமும் நானே மச்சானுக்குப் போன் எடுத்து, இன்றைக்கு என்ன நடந்தது என்று அடியிலிருந்து நுனிவரை சொன்னேன். ஒருநாள் அவன் கெஞ்சினான்: "மச்சான், எனக்கு நாளைக்கு வேலை. என்னை விடு."

முட்டுக் கழற்றுகிற நாளும் வந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடைசி முட்டுமரத்தைக் கழற்றும்போது, கொங்கிறீட் போட்டவன்தான் அதற்குக் கீழே நிற்கவேண்டும். வேறு ஒருவரையும் நிற்க விடக்கூடாது. பாஸ் வேலையாட்களை வெளியே அனுப்பினார். நாங்கள் இருவரும் உள்ளே நின்றோம். என் மனைவி முற்றத்தில் நின்று போனை யன்னலுக்கு நேரே பிடித்தாள். அதில் மச்சானும் மாமியும் நெருக்கிக்கொண்டு தெரிந்தார்கள்.

"தம்பி, நீங்கள் வெளியிலை வாங்கோ" என்று மாமி கத்தினா. "தடியாலை தட்டி விழுத்தலாம்தானே?"

"இல்லை மாமி, நான் இஞ்சைதான் நிக்கவேணும்" என்றேன்.

மாமிக்கு நான் இப்படிச் சொல்லிக் கேட்டுப் பழக்கமில்லை. பாஸ் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் முட்டின் அடியில் இருந்த ஆப்பைச் சம்மட்டியால் தட்டினார். ஒரு தட்டு, இரண்டு தட்டு. மரம் சரிந்து என் காலடியில் விழுந்தது.

நாங்கள் மேலே பார்த்தோம். பீம் அசையவில்லை. நூல் பிடித்துப் பார்த்தேன். தொய்வில்லை. பாஸ் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஹோலின் ஒரு கரையிலிருந்து மற்றக் கரை வரைக்கும் நடந்து போய் வந்தார். போனில் மச்சான் கைதட்டுகிற சத்தம் கேட்டது.

"எவ்வளவு பெரிய ஹோல்!" என்றான். "நூறு கதிரை போடலாம் போலை கிடக்கு."

"போடு, போடு" என்றா மாமி. "அது சரி தம்பி, அப்ப என்ரை சாமியறை எங்கை?"

நான் பாஸைப் பார்த்தேன். பாஸ் என்னைப் பார்த்தார். யன்னலுக்கு வெளியே என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அதைப் பற்றி நாங்கள் ஒருவருமே யோசிக்கவில்லை.

"அதையும் மறந்துபோனம் மாமி" என்று உள்ளதைச் சொன்னேன்.

பாஸ் இடுப்பிலிருந்து அளவுநாடாவை எடுத்தார். "எந்த மூலையிலை வேணுமெண்டு கேளுங்கோ அண்ணை" என்றார்.